குழாயை வளைய விடாதீர்கள்: எடை குறைந்த கார்ச் சட்டகம் கட்டும் முறை

25 மி.மீ. சதுரக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர்க்கனம் 1.6 மி.மீ., சாதாரண மென்னெஃகு. ஒரு மீட்டர் நீளம் 1.2 கிலோகூட இருக்காது. அதை நெட்டுக்குத்தாக நிறுத்தி மேலிருந்து நேராக அழுத்தினால், கணக்குப்படி ஏறத்தாழ இரண்டே முக்கால் டன் வரை பக்கவாட்டில் பிதுங்காமல் தாங்கும். அதே குழாயில் 60 செ.மீ. துண்டு ஒன்றை இரு முனைகளிலும் தாங்கி வைத்து நடுவில் சுமை ஏற்றிப் பாருங்கள். 190 கிலோவுக்குள்ளேயே மீளாத வளைவு தொடங்கிவிடும்.

இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. குழாயை நீளவாக்கில் இழுக்கலாம், நீளவாக்கில் அழுத்தலாம். அதன் இடுப்பில் மட்டும் சுமையை ஏற்றக் கூடாது. குழாயும் பற்றவைப்பும்தான் என் தொழில். சட்டகம் கட்ட விரும்பும் இளைஞர்கள் கொண்டுவந்து காட்டும் வரைபடங்களில் மறுபடி மறுபடி ஒன்றையே பார்க்கிறேன்: சக்கரத்தின் துள்ளலை அடக்கும் டேம்பரின் மேல்முனை ஏதோ ஒரு குழாயின் நடுவில் தொங்குகிறது. அந்த இடம் வளையும் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது. அதனால் கனமான குழாயைப் போட்டிருக்கிறார்கள். அதைத் தாங்க இன்னொன்று, அதற்கு முட்டுக்கொடுக்க மற்றொன்று. எடை ஏறுவது இப்படித்தான். மெல்லிய குழாயைத் தேடி அலைவதற்கு முன்னால், சுமை எந்த வழியாகப் போகிறது என்பதைச் சரிசெய்ய வேண்டும்.

இங்கே நான் சொல்வது இருவர் அமரும் திறந்த சிறு காருக்கான எஃகுக் குழாய்ச் சட்டகத்தைப் பற்றி. ஓட்டுநருடன் சேர்த்து 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதன்முறை கட்டுபவருக்கு இதுவே தகுந்த அளவு.

சட்டகத்தை வரைவதற்கு முன்

வெள்ளைத் தாளில் முதலில் சட்டகத்தை வரையாதீர்கள். முதலில் நான்கு டயர்களை வரையுங்கள். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்துதான் எல்லா விசைகளும் தொடங்குகின்றன. அங்கிருந்து உள்நோக்கி வாருங்கள்: சக்கரம், அது பொருந்திச் சுழலும் ஹப், மேல் கீழ் விஷ்போன்கள் (சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் V வடிவக் கைகள்), அவை சட்டகத்தில் பொருந்தும் புள்ளிகள், டேம்பரின் மேல்முனை. ஒரு சக்கரத்துக்கு விஷ்போன் புள்ளிகள் நான்கு, டேம்பர் புள்ளி ஒன்று. காரின் நான்கு மூலைகளுக்கும் சேர்த்து இருபது புள்ளிகள். இவற்றின் இடத்தைத் தீர்மானிப்பது சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையவிடும் அமைப்பு. அதைச் சட்டகத்தின் வசதிக்கு வளைக்கத் தொடங்கினால் கார் முழுவதும் கெட்டுப்போகும்.

ஸ்டியரிங் ரேக்கின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகரும் பற்சட்டம்) உயரத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது மேல் கீழ் விஷ்போன்களின் கோடுகளை நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும். ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோடும் அந்தப் புள்ளியை நோக்கியே போக வேண்டும். இல்லையென்றால் மேடுபள்ளத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே சக்கரம் தானாகத் திரும்பும். சட்டகத்தைப் பற்றவைத்த பிறகு ரேக்கை 10 மி.மீ. நகர்த்த வேண்டியிருந்தால், அது பெரும்பாலும் குறுக்குக் குழாயை அறுத்தெடுப்பதில்தான் முடியும்.

அடுத்து ஓட்டுநர். ஒட்டுப்பலகையை வெட்டி, தரைமட்டம், இருக்கை, பெடல், ஸ்டியரிங் வளையம் ஆகியவற்றை உண்மை அளவில் நிறுத்துங்கள். ஓட்டப்போகிறவர், போடப்போகும் காலணியுடன் அதில் உட்காரட்டும். மூன்று பெடல்களுக்கு நடுவே இரு பாதங்களும் புழங்க எவ்வளவு அகலம் வேண்டும் என்பது கணினித் திரையில் தெரியாது. தலைக்கு மேல் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது, கவிழ்வுக் காப்பு வளையம் எங்கே வரும் என்பதும் இங்கேதான் தெரியும்.

எஞ்சின், கியர்பாக்ஸ், பெட்ரோல் தொட்டி, ரேடியேட்டர், பேட்டரி என்று ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவர் சொன்ன எடையை நம்ப வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டாரும் எண்ணெயும் கிளட்ச்சும் சேர்ந்த எஞ்சினின் எடையே நமக்குத் தேவை. எடைகளை இடம் குறித்து அடுக்கினால், முன்சக்கரங்களில் எவ்வளவு, பின்சக்கரங்களில் எவ்வளவு என்பதைக் காகிதத்திலேயே கண்டுவிடலாம். எஞ்சினை 50 மி.மீ. பின்னால் தள்ள வேண்டுமா என்று யோசிப்பதற்கு உரிய நேரம் இதுதான்.

பொதுச்சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், வண்டியைப் பதிவு செய்யப்போகும் நாட்டின் விதிகளை முதல் குழாயை அறுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். விளக்கின் உயரம், இருக்கைப்பட்டையின் பொருத்துப் புள்ளிகள், ஸ்டியரிங் தண்டு ஆகியவற்றுக்கான விதிகள் சட்டகத்தின் வடிவத்தையே மாற்றக்கூடியவை.

சந்திகள்

இப்போது அந்த இருபது புள்ளிகளையும் குழாய்களால் இணைக்க வேண்டும். குழாய்கள் கூடும் இடத்தைச் சந்தி என்று அழைக்கிறேன். ஒவ்வொரு சுமைப்புள்ளியும் ஒரு சந்தியாக இருக்க வேண்டும். அங்கே கூடும் குழாய்களின் மையக்கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். இடநெருக்கடியில் சற்று விலகினாலும், விலகல் ஒரு குழாயின் அகலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்களை வைத்தே பார்ப்போம். முன்சக்கரம் ஒன்றின் மீது 140 கிலோ இருக்கிறது. பள்ளத்தில் விழுந்து எழும்போது அது மூன்று மடங்காகும் என்று கொள்வது வழக்கம்: 420 கிலோ. டேம்பர் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் விஷ்போனில் உள்ளே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் ஒரு மி.மீ. எழும்போது டேம்பர் 0.6 மி.மீ. அமுங்குகிறது என்றால், டேம்பரின் மேல்முனையில் வரும் விசை 700 கிலோ. சந்தியில் வந்து சேரும் 700 கிலோவை அங்கே கூடும் மூன்று நான்கு குழாய்கள் நீளவாக்கில் எளிதாகப் பகிர்ந்துகொள்ளும். அதே 700 கிலோ, தொடக்கத்தில் சொன்ன 60 செ.மீ. குழாயின் நடுவில் வந்தால், அது தாங்கக்கூடியதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பொருள் ஒன்று, எடை ஒன்று, விசையும் ஒன்றுதான். பிராக்கெட்டை 30 செ.மீ. நகர்த்தியதில்தான் இவ்வளவு வேறுபாடும்.

சந்திகளைக் குழாய்களால் இணைத்தால் மட்டும் போதாது. கட்டங்களை முக்கோணங்களாகப் பிரிக்க வேண்டும். நான்கு குழாய்களால் ஆன கட்டம் ஒரு மூலையில் தள்ளினால் சாய்சதுரமாகிவிடும். ஒரு மூலைவிட்டம் போட்டால் அசையாது. செங்கல் வடிவப் பெட்டி ஒன்றுக்கு 8 மூலைகள், 12 விளிம்புகள், 6 முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மூலைவிட்டம் சேர்த்தால் 18 குழாய்கள். முப்பரிமாணச் சட்டகத்துக்கான கணக்கும் இதையேதான் சொல்கிறது: சந்திகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழிக்க வேண்டும், 8 சந்திகளுக்கு 18. ஒன்று குறைந்தால் பெட்டி ஒரு திசையில் தளர்ந்துவிடும். வரைபடம் முடிந்ததும் குழாய்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக வந்தாலும் ஓரிடத்தில் கூடியும் இன்னோர் இடத்தில் குறைந்தும் இருக்கலாம் என்பதால், முகம் முகமாகவும் ஒருமுறை பாருங்கள்.

மூலைவிட்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கேட்பார்கள். பெரிய சுமை வரும்போது அந்தக் குழாய் இழுபடும் திசையாகப் பார்த்து வையுங்கள். இழுபடும் குழாய் பிதுங்காது. அழுத்தப்படும் குழாய்க்கு நீளமே எதிரி: நீளம் இரட்டித்தால் பிதுங்காமல் தாங்கும் திறன் நான்கில் ஒன்றாகிறது.

கணினியில் விசைக்கணக்குப் போடும் மென்பொருள்கள் நல்லவைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் அதற்கு முன்னால் பால்சா மரக்குச்சிகளை ஒட்டிப் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி ஒன்று செய்துவிடுவேன். பின்பக்கத்தை ஒரு கையில் பிடித்து, முன்பக்கத்தை மறுகையால் முறுக்கும்போது எந்தக் குச்சி நெளிகிறது என்று பாருங்கள். எஞ்சின் அறையில் மேல்முகத்தின் மூலைவிட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். கைக்குத் தெரியும் அந்தத் தளர்ச்சி பிறகு மறக்கவே மறக்காது. கணினி தரும் எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் துணிவும் அதிலிருந்துதான் வருகிறது.

மனிதன் ஏறும் ஓட்டை

எல்லா முகங்களையும் முக்கோணமாக்கச் சொன்னேன். ஓட்டுநர் உள்ளே போக வேண்டுமே! மேல்முகத்தை மூட முடியாது. குழாய்ச் சட்டகத்தின் உண்மையான சவால் இதுதான். திறமை வெளிப்படும் இடமும் இதுதான்.

1952-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் பந்தயக் காருக்கு ருடால்ஃப் ஊலன்ஹவுட் குழுவினர் மெல்லிய குழாய்களால் சட்டகம் கட்டினார்கள். அதன் எடை 50 கிலோ அளவுதான். முறுக்கைத் தாங்குவதற்காக ஓட்டுநரின் இருபுறமும் சட்டகத்தை உயரமாக எடுத்துச் சென்றார்கள். வழக்கமான கதவுக்கு இடமில்லாமல் போனது. கதவை மேல்நோக்கித் திறக்க வைத்தார்கள். இறக்கை விரித்ததுபோலத் தோன்றும் அந்தக் கதவு அழகுக்காகப் பிறந்ததல்ல, சட்டகத்தின் தேவைக்காகப் பிறந்தது. இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். சட்டகத்துக்கு எது தேவையோ அதைக் கொடுத்துவிட்டு, கதவுக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

நம் சிறு காருக்கும் அதே பாடம்தான். பக்கச் சட்டங்களை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்துங்கள். 300 மி.மீ. உயரம் இருந்தால், காலைத் தூக்கிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். இரு இருக்கைகளுக்கும் நடுவே கியர்பாக்ஸுக்கும், அதன் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் தண்டுக்குமான சுரங்கம் எப்படியும் இருக்கப்போகிறது. அதன் நான்கு முகங்களையும் தகட்டால் மூடினால் அதுவே ஒரு பெரிய குழாயாகி முறுக்கைத் தாங்கும். 1962-இல் வந்த லோட்டஸ் எலான் காரின் சட்டகம், மடித்த எஃகுத் தகட்டால் ஆன இப்படிப்பட்ட நடுமுதுகெலும்பேதான்.

மூன்றாவது வழி, ஓட்டைக்கு முன்னும் பின்னும் வலுவான குறுக்குச்சுவர்கள். தீப்பெட்டியின் வெளிக்கூட்டை மட்டும் கையில் எடுத்து நசுக்கினால் தட்டையாகிவிடும். உள்தட்டைச் செருகிவிட்டு நசுக்கிப் பாருங்கள், முடியாது. டாஷ்போர்டு இருக்கும் இடத்தில் ஒன்று, இருக்கைக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு குறுக்குச்சுவர்களை முழுமையாக முக்கோணப்படுத்துங்கள். கால்கள் நுழையும் இடத்தில் மூலைவிட்டம் போட முடியாது. அங்கே கட்டத்தின் நான்கு மூலைகளிலும் முக்கோணத் தகடுகளைப் பற்றவைத்து, அதை விறைப்பான வளையமாக மாற்றலாம்.

எந்தக் குழாய்

மென்னெஃகா, குரோம்மாலியா (குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகு), அலுமினியமா? இந்தக் கேள்விக்குத் தேவைக்கு மேல் நேரம் செலவழிக்கிறார்கள். எஃகின் மீள்தன்மைக் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்; அலுமினியத்துக்கு 70. அடர்த்தியில் எஃகு கன மீட்டருக்கு 7,850 கிலோ, அலுமினியம் 2,700. இரண்டிலும் அலுமினியம் எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே எடைக்கு எடை பார்த்தால் நீளவாக்கு விறைப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குரோம்மாலி எஃகின் வலிமை அதிகம் என்பது உண்மை, விறைப்பு மென்னெஃகினுடையதே. உங்கள் சட்டகம் முறுக்கில் தளர்ந்திருந்தால் விலை உயர்ந்த எஃகு அதைக் காப்பாற்றாது.

6061 வகை அலுமினியத்தைப் பற்றவைத்தால், இணைப்பை ஒட்டிய இடத்தில் வெப்பச் செயலாக்கத்தால் வந்த வலிமையில் ஏறத்தாழ பாதி போய்விடும். 1996-இல் லோட்டஸ் எலீஸின் 68 கிலோ சட்டகத்தை அச்சின் வழியே பிதுக்கி எடுத்த அலுமினியச் சட்டங்களை எப்பாக்ஸிப் பசையால் ஒட்டிக் கட்டியதில் இந்தத் தொல்லைக்கு இடமே இல்லை. ஆனால் ஒட்டவேண்டிய பரப்பைப் பதப்படுத்துவதும் பசையைச் சூட்டில் இறுகவைப்பதும் பட்டறைக் கட்டுப்பாடு கோரும் வேலை. முதல் சட்டகத்துக்கு மென்னெஃகை எடுங்கள். வெட்டலாம், பற்றவைக்கலாம், பிடிக்கவில்லையென்றால் அறுத்துவிட்டு மறுபடி பற்றவைக்கலாம்.

எடையை உண்மையில் குறைப்பது விட்டம். 25 மி.மீ. வெளிவிட்டம், 1.6 மி.மீ. சுவர் கொண்ட வட்டக்குழாயையும், 38 மி.மீ. விட்டம், 1 மி.மீ. சுவர் கொண்ட வட்டக்குழாயையும் ஒப்பிடுங்கள். எடை கிட்டத்தட்ட ஒன்று, மீட்டருக்கு 0.92 கிலோ. இரண்டாவதன் வளைவு விறைப்பு முதலாவதைப் போல இரண்டரை மடங்கு. இதற்கும் ஓர் எல்லை உண்டு: 1 மி.மீ. சுவர் கல் பட்டால் குழிந்துவிடும், பற்றவைக்கும்போது ஓட்டை விழும். அனுபவம் குறைந்தவர் 1.6-ஐ விட்டு இறங்க வேண்டாம். மூலைவிட்டங்களை மட்டும் 1.2-இல் முயலலாம்.

மூடிய வடிவத்தின் அருமையையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன 25 மி.மீ. வட்டக்குழாயை நீளவாக்கில் ஒரு கோடாக வாளால் கீறிவிட்டால் எடை ஏறக்குறைய மாறாது. முறுக்கு விறைப்போ 160-இல் ஒரு பங்காக விழுந்துவிடும். மின்கம்பி நுழைக்கவும் பிரேக் குழாய் பதிக்கவும் கை கூசாமல் குழாயில் நீள்துளை போடுகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தகடு மூடப்போகும் அடிச்சட்டத்துக்கும் பக்கங்களுக்கும் நான் சதுரக் குழாயையே எடுக்கிறேன். நேராக வெட்டினால் போதும், தகட்டை ரிவெட் அடிக்கத் தட்டையான முகமும் கிடைக்கிறது. மூலைவிட்டங்களுக்கு வட்டக்குழாய். கவிழ்வுக் காப்பு வளையம் தனிக்கதை. அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் (FIA) விதி, முதன்மை வளையத்துக்குக் குறைந்தது 45×2.5 அல்லது 50×2.0 மி.மீ. அளவுள்ள, குளிர்நிலையில் இழுத்த தையலற்ற எஃகுக் குழாயைக் கோருகிறது. வளையத்தின் கால்கள் சட்டகத்தின் சந்திகளில் இறங்க வேண்டும், வெறும் தரைத்தகட்டில் அல்ல.

இந்த நிலையில் எடைப்பட்டியல் ஒன்று எழுதுங்கள். 50 மீட்டர் குழாய் மீட்டருக்கு 1.1 கிலோ வீதம் 55 கிலோ. பிராக்கெட்டுகளும் முக்கோணத் தகடுகளும் 10 கிலோ. 65 கிலோவில் நிற்கிறோம். எண் 90-ஐத் தாண்டினால் எங்கோ குழாய் வளைவை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறது, வரைபடத்துக்குத் திரும்புங்கள்.

மேசை

சட்டகத்தின் நேர்மை, அது கட்டப்படும் மேசையின் நேர்மையைத் தாண்டாது. கனமான சானல்களைப் பற்றவைத்து மேசை செய்து, கால்களில் திருகு வைத்து ரசமட்டத்தால் சமன்படுத்துங்கள். மேற்பரப்பில் நடுக்கோடு ஒன்றைக் கீறுங்கள். அழியாதபடி ஊசியால் கீற வேண்டும், சாக்பீஸ் கோடு மாலைக்குள் காணாமல் போகும். இனி எல்லா அளவும் அந்த நடுக்கோட்டிலிருந்துதான். இடப்பக்கச் சட்டத்திலிருந்து வலப்பக்கத்துக்கு அளக்கக் கூடாது. அப்படி அளந்தால் ஒரு பக்கப் பிழை மறுபக்கத்துக்கும் தொற்றிக்கொள்ளும்.

விஷ்போன் புள்ளிகளுக்கு ஜிக் (பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் அமைப்பு) செய்வதில் பொறுமை காட்டுங்கள். மேசையில் உறுதியாக நிற்கும் இரு தூண்கள், அவற்றின் துளைகள் வழியாகப் போகும் ஒரு நேரான எஃகுத் தண்டு. பிராக்கெட்டுகளை அந்தத் தண்டில் கோத்துவிட்டுச் சட்டகத்தோடு பற்றவையுங்கள். முன் பிராக்கெட்டும் பின் பிராக்கெட்டும் ஒரே அச்சில் நிற்கும். பற்றவைத்து ஆறிய பிறகு தண்டு விரலால் தள்ளினாலே வெளியே வர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் பிராக்கெட் இழுத்துக்கொண்டது என்று பொருள்.

வெட்டுதலும் பொருத்துதலும்

பற்றவைப்பின் தரம், பற்றவைப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. வட்டக்குழாய் இன்னொரு வட்டக்குழாயில் சேரும் இடத்தில் அதன் முனையை மீன்வாய் போல வெட்ட வேண்டும். வெட்டுக்கோட்டை உண்மை அளவில் காகிதத்தில் அச்சிட்டு, குழாயைச் சுற்றி ஒட்டி, ஊசியால் கோடிழுத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்திக் கிரைண்டரால் வெட்டுங்கள். மீதியை அரைவட்ட அரத்துக்கு விட்டுவிடுங்கள். நாலு இழுப்பு இழுத்ததும் பொருத்திப் பாருங்கள். பின்னால் விளக்கைப் பிடித்தால் இணைப்பில் எங்கே ஒளிக்கீற்று தெரிகிறது என்று காணலாம். ஒளி தெரியும் இடத்தைத் தொடாதீர்கள். எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கேதான் ராவ வேண்டும். மறுபடி பொருத்துங்கள். கீற்று மெலிந்து மயிரிழையானதும் நிறுத்திவிடலாம். இடைவெளி அரை மி.மீ.க்குள் இருந்தால் இணைப்பு அதிகம் சுருங்காது, அதிகம் இழுக்காது. பற்றவைப்பு தானே ஓடும். இடைவெளியை உருகிய கம்பியால் நிரப்பி மூடிவிடலாம் என்று நினைப்பவர்கள், அந்த உலோகம் ஆறும்போது சுருங்கிச் சட்டகத்தையே கோணலாக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

குழாயின் மேலுள்ள கருஞ்செதிலை முனையிலிருந்து 25 மி.மீ. தூரம் வரை உராய்ந்தெடுத்து, அசிட்டோனால் துடையுங்கள். பிரேக் துடைக்கும் திரவங்களில் சிலவற்றில் குளோரின் சேர்மம் இருக்கிறது. பற்றவைப்பின் வெப்பத்திலும் ஒளியிலும் அது உயிர்கொல்லியான பாஸ்ஜீன் வாயுவாக மாறும். அந்தக் குப்பி பட்டறையின் அந்தப் பக்கமே வரக்கூடாது. துத்தநாகம் பூசிய குழாயும் வேண்டாம். அதன் புகை காய்ச்சலில் தள்ளும்.

பற்றவைப்பு

முழுச் சட்டகத்தையும் முதலில் புள்ளிப் பற்றவைப்பில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சந்தியிலும் இரண்டு மூன்று புள்ளிகள் போதும். அந்த நிலையில் எஞ்சினை உள்ளே இறக்கிப் பாருங்கள், ஓட்டுநரை உட்கார வையுங்கள், பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். குறுக்கே நிற்கும் குழாயை இப்போது அறுப்பது ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். சமமாக இருந்தால் கட்டம் செங்கோணத்தில் நிற்கிறது. விஷ்போன் புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு இறக்கி, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சமதூரம்தானா என்று பாருங்கள். ஒரு மி.மீ. வேறுபாட்டை ஏற்கலாம். மூன்று மி.மீ. என்றால் புள்ளிகளை உடைத்து மறுபடி நிறுத்துங்கள்.

முழுப் பற்றவைப்பைச் சட்டகத்தின் நடுவில் தொடங்கி வெளிநோக்கிச் செல்லுங்கள். இடப்பக்கம் ஒரு சந்தி முடித்தால் அடுத்தது வலப்பக்கம் அதன் நேர் எதிர்ச்சந்தி; பிறகு மேலே, பிறகு கீழே. ஒரே சந்தியைச் சுற்றிச் சுற்றி ஒரே மூச்சில் முடித்தால் சுருக்கம் முழுவதும் ஒரு பக்கம் சேரும். மூடப்பட்ட குழாயின் கடைசி இணைப்பில் உள்ளிருக்கும் காற்று விரிந்து உருகிய உலோகத்தை ஊதித் தள்ளும். இணைப்புக்குள் மறைந்துபோகும் இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று முன்கூட்டியே போட்டுவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சஸ்பென்ஷன் சந்திகளுக்கு நான் டிக் வெல்டிங்தான் (தேயாத டங்ஸ்டன் முனையால் உருக்கும் முறை) செய்கிறேன், வெப்பம் கைக்குள் நிற்கும். மற்ற இடங்களுக்கு 0.8 மி.மீ. கம்பியுடன் மிக் வெல்டிங் (கம்பியை இயந்திரமே ஊட்டும் முறை) தாராளமாகப் போதும். எதுவானாலும், அதே குழாயின் கழிவுத் துண்டுகளில் இணைப்புச் செய்து, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைக்கப் பாருங்கள். குழாய் கிழிய வேண்டும், பற்றவைப்பு பிரியக் கூடாது. இந்தச் சோதனையில் தேறாத கை, சட்டகத்தைத் தொட வேண்டாம். சஸ்பென்ஷன் சந்திகளைத் தேர்ந்த வெல்டரிடம் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. இது மனித உயிர் ஏறும் பொருள்.

பிராக்கெட்டுகளில் போல்ட்டின் இருபுறமும் தகடு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் வளைவைச் சுமக்கிறது. மீண்டும் நம் பழைய எதிரிதான். தகடு 3 மி.மீ., போல்ட் குறைந்தது 8.8 தரம், தகட்டுக்குள் நிற்பது மரையில்லாத வழுவழுப்பான தண்டுப்பகுதி.

தகடுகள்

தரையை 1.2 மி.மீ. அலுமினியத் தகட்டால் மூடினால் சதுர மீட்டருக்கு 3.2 கிலோ, அதே கன எஃகு 9.4 கிலோ. தகட்டைப் பசையும் ரிவெட்டும் சேர்த்துப் பிடித்தால் அது தரைமுகத்தின் மூலைவிட்டத்துக்கு ஈடாக வேலை செய்யும். ரிவெட் 4 மி.மீ., இடைவெளி 50 மி.மீ.க்குள். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கப்படும். குழாய்க்கு முதலில் ப்ரைமர் பூசி, பசைப்படலம் இடையில் முழுமையாக இருக்கும்படி ஒட்டுங்கள். சுரங்கத்தின் மேல்மூடியைக் கழற்றக்கூடியதாக வைக்கிறீர்கள் என்றால் நெருக்கமான திருகுகளால் இறுக்குங்கள். நாலு மூலையில் நாலு திருகு போட்ட மூடி, முறுக்கைத் தாங்காது.

முறுக்கிப் பார்த்தல்

தகடு ஒட்டுவதற்கு முன் ஒருமுறை, ஒட்டிய பின் ஒருமுறை சட்டகத்தை முறுக்கி அளக்கிறேன். செலவில்லாத சோதனை, இதைச் செய்யாமல் விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பின்பக்கச் சஸ்பென்ஷன் புள்ளிகளை மேசையோடு இறுக்கிப் பிடியுங்கள். முன்பக்கப் புள்ளிகளில் ஒரு குறுக்குச் சட்டத்தைப் பொருத்தி, அதன் நடுவை நடுக்கோட்டின் மேல் ஒரு கூர்முனையில் தாங்குங்கள். பூங்காவில் சிறுவர்கள் ஏறி இறங்கும் சீசாப் பலகையைப் போல இருபுறமும் ஆடக்கூடியதாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 50 கிலோ எடையைத் தொங்கவிட்டால் முறுக்கு 490 நியூட்டன் மீட்டர். முன்னால் 1,200 மி.மீ. இடைவெளியில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் இரண்டு டயல் கேஜ்கள், பின்னால் அதே இடைவெளியில் இரண்டு. முதலில் எடையை ஏற்றி இறக்கிப் பொருத்துகளின் தளர்ச்சியைப் போக்கிவிட்டு, கேஜ்களைச் சுழியில் வையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: முன்னால் ஒரு பக்கம் 1.4 மி.மீ. இறங்கியது, மறுபக்கம் 1.3 மி.மீ. ஏறியது, மொத்தம் 2.7. பின்னால் பிடிமானமே 0.2 அசைந்தது, அதைக் கழித்தால் 2.5. இதை 1,200-ஆல் வகுத்தால் 0.00208 ரேடியன், அதாவது 0.119 பாகை. 490-ஐ அதனால் வகுத்தால் பாகைக்கு ஏறத்தாழ 4,100 நியூட்டன் மீட்டர்.

அது போதுமா? ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்பிரிங் விறைப்பு மி.மீ.க்கு 20 நியூட்டன், சக்கர இடைவெளி 1.4 மீட்டர் என்றால், முன்பக்கச் சஸ்பென்ஷனின் சாய்வு விறைப்பு (கார் பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் அளவு) பாகைக்கு 340 நியூட்டன் மீட்டர். பின்பக்கமும் அதே அளவு என்றால் மொத்தம் 680. சட்டகம் அதைப் போல ஆறு மடங்கு. ஐந்து மடங்குக்கு மேல் இருந்தால், டேம்பரிலும் ஸ்பிரிங்கிலும் செய்யும் மாற்றம் ஓட்டுபவர் கைக்குத் தெளிவாக வந்து சேரும். இரண்டு மூன்று மடங்கில் நின்றுவிட்டால் சட்டகமே ஐந்தாவது ஸ்பிரிங்காகிவிடும். அதை அடக்க எந்த டேம்பரும் கிடையாது.

எண் குறைவாக வந்தால் கண்ட இடத்தில் குழாய் சேர்க்காதீர்கள். கேஜை நீளவாக்கில் ஒவ்வொரு குறுக்குச்சுவருக்கும் நகர்த்தி, அங்கங்கே எவ்வளவு திரும்புகிறது என்று வரைபடமாக்குங்கள். கோடு சீராக ஏற வேண்டும். எங்கே திடீரென்று செங்குத்தாகிறதோ அந்த அறைதான் தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது ஓட்டுநர் அறை அல்லது எஞ்சின் அறை. அங்கே ஒரு மூலைவிட்டத்தை இரும்புப்பிடிகளால் தற்காலிகமாக இறுக்கி மறுபடி அளந்து, பயனைக் கண்ட பிறகு பற்றவையுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: பயனற்றது என்று ஐயப்படும் மூலைவிட்டத்தை அறுத்துவிட்டு அளக்கலாம். எண் அசையவில்லையென்றால் அது முறுக்குக்கு வேலை செய்யவில்லை. பிரேக், இருக்கைப்பட்டை, மோதல் என்று வேறு ஏதாவது சுமையும் அதன் வழியாகப் போகவில்லை என்று வரைபடத்தில் உறுதிசெய்த பிறகே அதை எடுத்துப் போடுங்கள்.

பூச்சுக்கு வெளிர் நிறம் தேர்ந்தெடுங்கள். வெளிர் சாம்பல் நல்லது. பற்றவைப்பின் ஓரத்தில் விரிசல் விடத் தொடங்கினால், அதில் துரு கசிந்து செம்பழுப்புக் கோடாகத் தெரியும். கறுப்புப் பூச்சில் அது கண்ணில் படாது. முதல் ஓட்டம் மெதுவாக, வேறு வண்டிகள் வராத தளத்தில். திரும்பி வந்ததும் விஷ்போன் பிராக்கெட்டுகள், டேம்பர் சந்திகள், ஸ்டியரிங் ரேக் பொருத்துகள், எஞ்சின் தாங்கிகள் என்று ஒவ்வோர் இணைப்பையும் துடைத்துவிட்டு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். விரிசலைக் கண்டால் அதன் மேலேயே பற்றவைத்து மூடிவிடாதீர்கள். அந்தச் சந்தியில் எந்தக் குழாய் வளைகிறது, மையக்கோடுகள் எங்கே விலகி நிற்கின்றன என்று வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். விலகலைச் சரிசெய்த பிறகு புதிய குழாயைப் பற்றவையுங்கள்.